பட்டன் அழுத்தியும் கார் எழும்பாவிட்டால்: பற்றறிக் கடையா, எலக்ட்ரீசியனா, திறப்புக்காரரா, கொழும்பா?

யாழ்ப்பாண வீதிகளில் ஓடுகிற பட்டன் ஸ்ரார்ட் கார்களில் பெரும்பாலானவை ஜப்பானிலிருந்து ரீகண்டிஷனாக வந்தவை. அக்குவா, பிரியஸ், விட்ஸ், வெஸல், வகன் ஆர் என்று நீளும் பட்டியல். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்ப வழி கிடைத்தது. அதனால் இன்றைக்கு ஓடுகிற பல கார்கள் பத்து வயதைத் தொட்டவை, அவற்றின் திறப்புகளுக்கும் அதே வயது. ஜப்பானில் ஒருவர் கையில் தேய்ந்து, இங்கே வந்து இரண்டு மூன்று பேரின் சட்டைப்பையில் கிடந்து, உடுப்போடு சேர்ந்து வோஷிங் மெஷினுக்குள்ளும் போய்வந்த திறப்பு, ஒரு நாள் காலமை வேலைக்கு வெளிக்கிடுகிற நேரம் பார்த்துச் சண்டித்தனம் பண்ணும்.

அப்போது ஆளுக்கொரு புத்தி சொல்வார்கள். "பற்றறியை மாத்து" என்பார் பக்கத்து வீட்டு அண்ணை. "ஸ்கானர் போட்டுப் பார்" என்பான் கறாஜ் பெடியன். "கொழும்புக்குக் கொண்டுபோ, இஞ்ச ஒருத்தருக்கும் உது விளங்காது" என்று ஒரு குரல் வரும். கனடாவில் இருக்கிற மச்சான் ஒன்லைனில் திறப்பு மலிவு என்று படம் அனுப்புவான். நாலும் சில நேரம் சரி, சில நேரம் வீண்செலவு. பிழை திறப்பிலா, காரின் 12 வோல்ற் பற்றறியிலா, கதவிலா, காருக்குள் இருக்கும் கணினிப் பெட்டியிலா என்று தெரியாமல் யாரிடம் போனாலும் அவர் தனக்குத் தெரிந்த வேலையைத்தான் செய்வார்.

அந்தத் திறப்புக்குள் மூன்று வேலை நடக்கிறது. ரிமோட் பட்டனை அழுத்தினால் அது தானாக அலை அனுப்பும், அது ஒன்று. கதவின் கைபிடியைத் தொட்டால் கார் 125 முதல் 134 கிலோஹேர்ட்ஸ் வரையிலான தாழ்ந்த அலையில் திறப்பைக் கூப்பிடும். திறப்பு ஏறக்குறைய 315 மெகாஹேர்ட்ஸில் பதில் சொல்லும். இது ஜப்பான் கார்களின் கணக்கு, ஐரோப்பியக் கார்களில் பதில் 433.92 மெகாஹேர்ட்ஸில் போகும். மூன்றாவது, பற்றறியே வேண்டாத ஒரு சின்னச் சிப். ஸ்ரார்ட் பட்டனுக்கு ஒட்டப் பிடித்தால் காரே அதற்குச் சக்தி கொடுத்து அதன் இரகசிய இலக்கத்தை வாசித்துக்கொள்ளும். மூன்றில் எது வேலை செய்கிறது, எது செய்யவில்லை என்று பார்த்தால் பாதி நோய் வீட்டு முற்றத்திலேயே பிடிபட்டுவிடும்.

முதலில் நீங்களே

கதவு திறக்கவில்லை என்றால் திறப்பின் பக்கத்தில் உள்ள சின்னத் தடுப்பைத் தள்ளி உள்ளிருக்கும் உலோகத் திறப்பை இழுத்தெடுங்கள். சாரதி பக்கக் கதவுக்கு அது பொருந்தும். கைபிடியில் துவாரம் வெளியே தெரியாவிட்டால் மூடிக்குப் பின்னால் இருக்கும். உள்ளே ஏறி, பிரேக்கை அழுத்தியபடி திறப்பை ஸ்ரார்ட் பட்டனில் தொட்டுப் பிடியுங்கள். ரொயோட்டாவிலும் ஹொண்டாவிலும் சின்னம் பொறித்த பக்கம் தொட வேண்டும், மற்றவற்றில் மாறும். ஒலி கேட்டதும் பட்டனை அழுத்துங்கள். கார் எழும்பினால் சிப்பும் காரின் கணினியும் நன்றாக இருக்கின்றன, திறப்பின் பற்றறிதான் ஓய்ந்துவிட்டது என்று கிட்டத்தட்ட முடிவே கட்டலாம். பற்றறிக் கடைக்குப் போனால் சரி, வேறு எங்கும் போக வேண்டாம்.

திறப்புக்குள் இருக்கும் அந்தக் காசு வடிவப் பற்றறியில் எழுதியிருக்கும் இலக்கத்துக்கு அர்த்தம் உண்டு. சிஆர் 2032 என்றால் விட்டம் 20 மில்லிமீற்றர், தடிப்பு 3.2. சிஆர் 2025 என்றால் அதே விட்டம், தடிப்பு 2.5. சிஆர் 1632 என்றால் விட்டம் 16. கஸ்தூரியார் வீதியில் மணிக்கூட்டுக் கடையோ போன் கடையோ எதிலாவது கிடைக்கும். ஆனால் கடையில் 2032 தீர்ந்திருந்தால் "இதுவும் சரிவரும்" என்று 2025 ஐ நீட்டுவார்கள். 0.7 மில்லிமீற்றர் இடைவெளியை ஒரு காகிதத் துண்டால் நிரப்பி மூடிவிடுவதும் நடக்கும். அன்றைக்கு வேலை செய்யும். பிறகு திறப்பு கீழே விழுகிற ஒவ்வொரு தடவையும் தொடுப்பு விட்டுவிட்டு வரும், நீங்கள் காரைத் திட்டுவீர்கள். பழையதைக் கழற்றிக் கையில் கொண்டுபோய் அதே இலக்கம் கேட்டு வாங்குங்கள். கடைக்காரரிடம் மீற்றர் இருந்தால் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். புதியது 3 வோல்ற்றுக்குக் கொஞ்சம் மேலே காட்ட வேண்டும். பிள்ளைகள் விழுங்காமலிருக்கக் கசப்புப் பூசிய பற்றறிகளும் உண்டு. சில திறப்புகளில் அந்தப் பூச்சே தொடுப்பைக் கெடுக்கும், உலர்ந்த துணியால் துடைத்துப் போடுங்கள்.

ஒன்றிரண்டு வருடம் ஓட வேண்டிய பற்றறி நாலைந்து மாதத்தில் இறந்தால் திறப்பு தொங்குகிற ஆணியைப் பாருங்கள். எங்கள் வீடுகளில் போர்ட்டிகோவில் கார், சுவருக்கு அந்தப் பக்கம் ஹோலில் ஆணி. காரும் திறப்பும் விடிய விடியக் கதைத்துக்கொண்டே இருக்கும். ரீவி, கணினி, போன் சார்ஜர் இவற்றுக்குப் பக்கத்தில் வைத்தாலும் இதே கதைதான். இரண்டு மூன்று மீற்றர் தள்ளி ஒரு ஆணி அடியுங்கள், அவ்வளவுதான்.

ரிமோட் பட்டன் வேலை செய்கிறது, கைபிடியைத் தொட்டால் மட்டும் திறக்கவில்லை என்றால் திறப்பு நித்திரையில் இருக்கலாம். ரொயோட்டாத் திறப்புகள் பலவற்றில் பூட்டும் பட்டனை அழுத்திப் பிடித்தபடி திறக்கும் பட்டனை இரு தடவை அழுத்தினால் மின்சேமிப்பு நிலைக்குப் போய்விடும். சின்னப்பிள்ளை கையில் விளையாடக் கொடுத்தால் தானாக நடக்கும். ஏதாவது ஒரு பட்டனை அழுத்தினால் விழித்துக்கொள்ளும். நெடுநாள் பூட்டிக் கிடந்த ரொயோட்டாவில் வேறொன்று நடக்கும். 14 நாள் ஓடாவிட்டால் சாரதி கதவைத் தவிர மற்றக் கதவுகள் தொடுகைக்குத் திறக்காது. வெளிநாட்டிலிருந்து திருவிழாவுக்கு வந்தவர்கள் பின்கதவைப் பிடித்து இழுத்துவிட்டுக் கார் பழுது என்று முடிவு கட்டுவது இதனால்தான்.

காருக்குள் திறப்பைக் காணவில்லை என்று அவ்வப்போது எச்சரிக்கை வந்தால், சிகரட் லைற்றர் துவாரத்தில் செருகிய மலிவுச் சார்ஜரையும் டாஷ் கமெராவையும் கழற்றிவிட்டு ஒரு நாள் ஓடிப் பாருங்கள். அவை கிளப்பும் இரைச்சலில் திறப்பின் பதில் காருக்குக் கேட்காமல் போவதுண்டு.

எலக்ட்ரீசியனும் திறப்புக்காரரும்

திறப்பைத் தொட்டுப் பிடித்தும் பட்டனில் ஒரு வெளிச்சமும் இல்லை, டாஷ்போர்ட் இருட்டு என்றால் வீட்டுக்கு வந்து பார்க்கிற வாகன எலக்ட்ரீசியனுக்குத்தான் அழைப்பு எடுக்க வேண்டும். பெற்றோலும் மின்சாரமும் சேர்ந்து ஓடுகிற ஹைபிரிட் காரில் பெரிய பற்றறி இருக்கிறதே என்று பலர் 12 வோல்ற் பற்றறியை மறந்துவிடுகிறார்கள். கதவைத் திறப்பதும் கணினியை எழுப்புவதும் அந்தச் சின்னப் பற்றறிதான். ஓய்வில் 12.6 வோல்ற் காட்டினால் நல்லது. 12 க்குக் கீழே போனால் காலம் முடிகிறது. அக்குவா, பிரியஸ் போன்ற ஹைபிரிட்டில் பழைய ஸ்ரார்ட்டர் மோட்டர் இல்லை, அதனால் பற்றறி சாகப்போகிறது என்று இழுவைச் சத்தம் வைத்து முன்கூட்டி அறிய வழியில்லை. நேற்று ஓடியது, இன்று பிணம்.

பழைய வகைப் பிரியஸில் பற்றறி பின்பக்கம். பின்கதவு மின்பூட்டு என்பதால் பற்றறி செத்தால் அதுவும் திறக்காது. பொனெற்றைத் திறந்து பியூஸ் பெட்டிக்குள் இருக்கும் நேர்முனையில் வேறு பற்றறியிலிருந்து வயரைக் கொடுத்தால் சரி. இது தெரியாத ஆள் பின்கதவோடு மல்லுக்கட்டினால் அவரை அனுப்பிவிட்டு வேறு ஒருவரைப் பாருங்கள். புதுப் பற்றறி போடும்போதும் கவனம்: காருக்குள் வைக்கிறபடியால் வாயுவை வெளியே கொண்டுபோகும் குழாய் பொருந்துகிற வகையே வேண்டும். அளவு சரியாக இருக்கிறது என்று சாதாரணப் பற்றறியை வைப்பது மலிவு மட்டும்தான்.

எலக்ட்ரீசியனின் இன்னொரு பெரிய உதவி பிரேக் சுவிட்ச். பிரேக்கை மிதித்தபடி பட்டனை அழுத்துகிறீர்கள், எஞ்சின் எழும்பாமல் ரேடியோ மட்டும் வருகிறது, திரும்ப அழுத்தினால் டாஷ்போர்ட் லைற்றுகள் வருகின்றன. பிரேக் மிதித்ததே காருக்குத் தெரியவில்லை என்று அர்த்தம். திறமான எலக்ட்ரீசியன் போனிலேயே, "அண்ணை, பிரேக்கை மிதியுங்கோ, பின் லைற் எரியுதோ?" என்று கேட்பார். எரியாவிட்டால் சுவிட்சோ பியூஸோதான் போயிருக்கும். மிகச் சின்னச் சாமான். இதை விட்டுவிட்டுத் திறப்பை மாற்றப் போனவர்கள் இருக்கிறார்கள். ரொயோட்டாவில் பட்டனின் நிறத்தையும் பாருங்கள். பிரேக்கை மிதித்ததும் பச்சை எரிந்தால் திறப்பு அடையாளம் கண்டாயிற்று. பச்சை விட்டுவிட்டு மின்னினால் ஸ்டியரிங் பூட்டு இறுகியிருக்கிறது, ஸ்டியரிங்கை இரு பக்கமும் ஆட்டியபடி அழுத்துங்கள். செம்மஞ்சள் மின்னினால்தான் கோளாறு.

காரைநகர், வேலணை, பருத்தித்துறை போன்ற கடலோர ஊர்களில் கைபிடி உணரிகளும் வயர் இணைப்புகளும் உப்புக்காற்றில் பச்சைபூத்துப் போகும். ஒரு கதவு மட்டும் தொடுகைக்குத் திறக்காமல் மற்றது திறந்தால் திறப்பில் பிழையே இல்லை, அந்தக் கைபிடியில்தான். நல்ல செய்தி, கைபிடிக்கு இரகசிய இலக்கம் கிடையாது, கழற்றிய பழைய காரின் கைபிடியையும் போடலாம்.

ஆனால் எலக்ட்ரீசியன் வயரைப் பார்த்துப் பழகியவர், இலக்கத்தைப் பார்த்தவரல்ல. திறப்பு தொலைந்தது, நனைந்து உள்ளிருக்கும் மின்சுற்றுப் பலகை போனது, இரண்டாவது திறப்பு வேண்டும் என்றால் திறப்புக்காரர்தான். கைக்கணினியை ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள சொக்கற்றில் செருகிப் புதுத் திறப்பைப் பதிவார். ஒரு திறப்பு உயிரோடு இருக்கும்போது இரண்டாவதைப் பதிவது சின்ன வேலை. இரண்டும் போன பிறகு அதே ஆள், அதே கார், ஆனால் நேரமும் காசும் பல மடங்கு. சில கார்களில் கணினிப் பெட்டியையே கழற்ற வேண்டி வரும். ஆகவே ஒற்றைத் திறப்போடு கார் வைத்திருப்பவர்கள் மற்ற எந்தச் செலவுக்கும் முன்னால் இதைச் செய்ய வேண்டும் என்பது என் கட்சி. ரயர் மாற்றுவது இரண்டு மாதம் தள்ளிப்போனாலும் பரவாயில்லை என்றுகூடச் சொல்லலாம், ஆனால் ரயர்க்காரர் அடிக்க வருவார்.

அவர் பதியும்போது காரில் பற்றறிச் சார்ஜர் பூட்டியிருக்கிறதா என்று பாருங்கள். இடைநடுவில் வோல்ற் விழுந்தால் கணினிக்கு ஆபத்து. காரில் எத்தனை திறப்பு பதிவாகியிருக்கிறது என்பதையும் கேளுங்கள். பாவித்த கார் வாங்கியவரிடம் இரண்டு திறப்பு இருக்க, கணினி மூன்று காட்டினால் மூன்றாவதை அழித்துவிடச் சொல்லுங்கள். சில கார்களில் புதியதைப் பதியும்போது அந்த இடத்தில் இல்லாத திறப்புகள் அழிந்துவிடும், அதனால் வீட்டில் இருக்கிறதையும் கொண்டுபோங்கள். ரப்பர் பட்டன் கிழிந்ததற்குப் புதுக் கூடு மட்டும் போடுகிறீர்கள் என்றால் பழைய கூட்டை உடனே எறியாதீர்கள். சில பழைய வகைகளில் சிப் பலகையில் இல்லாமல் கூட்டின் மூலையில் தனியாக ஒட்டியிருக்கும்.

ஒன்லைன், கொழும்பு

மச்சான் காட்டுகிற மலிவுத் திறப்பில் மூன்று பொறி உண்டு. ஜப்பான் காருக்கு 433 மெகாஹேர்ட்ஸ் திறப்பு வந்து சேரலாம், ஒருபோதும் பேசாது. அலை சரியாக இருந்தாலும் பலகை இலக்கம் மாறியிருக்கலாம். பாவித்த அசல் ரொயோட்டாத் திறப்பு முதல் காரோடு பூட்டப்பட்டுவிடும், அந்தப் பூட்டை எடுக்காமல் வேறு காருக்குப் பதிய முடியாது. அதனால் வாங்குகிறவர் நீங்கள், பதிகிறவர் வேறு ஆள் என்ற ஏற்பாடு எனக்குப் பிடிப்பதில்லை. பிழைத்தால் இருவரும் மற்றவரைக் காட்டுவார்கள். எக்ஸ்ஹோர்ஸ் போன்ற சீனப் பொதுத் திறப்புகளைத் திறப்புக்காரரே வைத்திருந்து பதிந்து தருவார். பட்டன் அசலைப் போல மெத்தென்று இராது. ஆனால் அழித்துத் திரும்ப எழுதலாம், பொறுப்பும் ஒரே ஆளுக்கு. இரண்டாவது திறப்பாக அது தாராளம்.

கார்க் கம்பனியின் கொழும்பு ஏஜென்ற் அசல் திறப்பைச் சேசிஸ் இலக்கம் வைத்துத் தருவார், பதிவுப் புத்தகமும் அடையாள அட்டையும் கேட்பார். கேட்பது நல்லது. 2025 க்குப் பிறகு வந்த புதுக் கார், உத்தரவாதக் காலத்தில் இருப்பது, கணினிப் பெட்டியே மாற்ற வேண்டியது என்றால் அங்கேதான் போக வேண்டும். பத்து வயது அக்குவாவுக்கு ஏ9 வழியாக ஏறக்குறைய 400 கிலோமீற்றர் ஏற்றிக்கொண்டு போவது எனக்கு நியாயமாகப் படவில்லை. அதுவும் எழும்பாத காரை முன்சில்லு நிலத்தில் படக் கட்டி இழுக்க முடியாது. பிரியஸ் என்றால் பார்க் பூட்டே மின்சாரத்தில் இயங்குவது, 12 வோல்ற் இல்லாமல் விடாது. லொறியில் ஏற்றுகிற கூலியையும் சேர்த்துக் கணக்குப் பார்த்துவிட்டுப் போங்கள்.

யாரிடம் செய்தாலும் காசு கொடுக்க முன்னால் அங்கேயே நின்று ஒவ்வொரு கதவையும் ஒவ்வொரு திறப்பாலும் திறந்து பூட்டிப் பாருங்கள். ஒரு திறப்பைக் கடைக்குள் வைத்துவிட்டு மற்றதால் ஸ்ரார்ட் எடுங்கள், பிறகு மாற்றி எடுங்கள். புதுத் திறப்புக்குள் இருக்கும் உலோகத் திறப்பையும் இழுத்துப் பாருங்கள். பெரும்பாலும் அது வெட்டாத வெறுந்தகடாகத்தான் வரும், வெட்டித் தரச் சொல்லிச் சாரதி கதவில் போட்டுத் திருப்பிய பிறகு வெளிக்கிடுங்கள்.