சேலையூர் வாடகை வீடு: எல்லாம் சரி, அந்த மோட்டார் சுவிட்ச் மட்டும்

தாம்பரம் ஏர்ஃபோர்ஸ் ஸ்டேஷனுக்குப் போஸ்டிங் வந்திருக்கிறது, குவார்ட்டர்ஸுக்கு வெயிட்டிங் லிஸ்ட், நீங்கள் இருந்த சேலையூர் வீடு காலியாக இருக்கிறதாம், வாடகையில் ஆயிரம் ரூபாய் குறைத்திருக்கிறார்களாம், எடுக்கலாமா அக்கா? ஜோத்பூரில் எங்களுக்குப் பக்கத்து வீட்டில் இருந்த தங்கை இப்படிக் கேட்டாள். ஒரே வார்த்தையில் பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த வீட்டைப் பற்றி எனக்கு ஒரு வார்த்தையில் சொல்ல வராது.

வீடு எப்படி என்பதைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். முதல் மாடி, இரண்டு பெட்ரூம், கிழக்குப் பார்த்த பால்கனி, கேம்ப் ரோடு சந்திப்புக்கு நடந்தே போகலாம். கீழே ஓனர் குடும்பம், எங்களுக்கு மேலே இன்னொரு குடித்தனம். ஸ்டேஷன் கேட்டுக்கு ஸ்கூட்டரில் ஒரு பாட்டு முடிவதற்குள் போய்விடலாம். பிள்ளைகளுக்குக் கேந்திரிய வித்யாலயா பள்ளியும் பக்கம்தான். காற்று, வெளிச்சம், கொசுவலை எல்லாம் உண்டு.

மேற்குத் தாம்பரத்தில் இன்னும் குறைவான வாடகைக்கு வீடு காட்டுகிறார்கள் என்று அவள் வீட்டுக்காரர் சொல்கிறாராம். காட்டுவார்கள். 2015 டிசம்பரில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை பெய்து, அடையாறு பொங்கி, முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் மாடி மாடியாக ஏறி நின்றவர்களைப் படகில் கொண்டுவந்தார்கள். 2023 மிக்ஜாம் புயலிலும் அங்கே தண்ணீர் ஏறியது. சரி, சேலையூர் இருக்கும் கிழக்குப் பக்கம் என்றால் தப்பித்தோம் என்றும் அர்த்தமில்லை. சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம், மாடம்பாக்கம் எல்லாமே ஏரி உள்ள ஊர்கள். ஏரி நிரம்பினால் தண்ணீர் பள்ளிக்கரணை சதுப்பு நிலம் வரைக்கும் வழி தேடிக்கொண்டு போகும், அந்த வழியில் இன்று யாராவது வீடு கட்டியிருப்பார்கள். ஆகவே எந்தத் தெருவானாலும் "2015-ல் இங்கே எதுவரைக்கும் தண்ணீர் நின்றது?" என்று தெருமுனை இஸ்திரி வண்டிக்காரரிடம் கேட்க வேண்டும். புரோக்கரிடம் கேட்டால் எந்தத் தெருவிலும் எந்த வருஷமும் தண்ணீர் நின்றதே இல்லை.

எங்கள் வீடு இந்த விஷயத்தில் தங்கம். தரைத்தளத்தையே ஆள் இடுப்பு உயரத்துக்கு மேடாக்கிக் கட்டியிருக்கிறார் ஓனர். மிக்ஜாமில் தெருவில் தண்ணீர் நின்றது, வாசல்படியில் பாதி நனைந்தது, அவ்வளவுதான்.

எச்.ஆர்.ஏ, அதாவது சம்பளத்தோடு வரும் வீட்டு வாடகைப்படி, அந்தக் கதையையும் சொல்ல வேண்டும். வீடு பார்க்கப் போன அன்று ஓனர் கேட்ட முதல் கேள்வி "எத்தனை பேர்?" என்பதல்ல, "எச்.ஆர்.ஏ எத்தனை சதவீதம் சார் வருது?" என்பதுதான். ஸ்டேஷனைச் சுற்றி வீடு கட்டி வைத்திருக்கிறவர்களுக்கு நம் சம்பளக் கணக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். சென்னை எக்ஸ் வகை நகரம், அதாவது எச்.ஆர்.ஏ அதிகம் கிடைக்கும் பெருநகரம், 2017-ல் 24 சதவீதம், 2021-ல் 27, பஞ்சப்படி ஐம்பதைத் தொட்டதும் 2024 ஜனவரியிலிருந்து 30. அந்த முப்பது எங்கள் கைக்கு வருவதற்குள் அவர் பேப்பரில் படித்துவிட்டு மேலே வந்து, "விலைவாசி ஏறிப்போச்சும்மா" என்றார். ஏற்றினார். ஆனால் நியாயமாகத்தான் ஏற்றினார், அதையும் சொல்ல வேண்டும்.

ஒப்பந்தம் பதினோரு மாதம். ஒரு வருஷத்துக்கு மேல் போனால் 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டப்படி பதிவு செய்ய வேண்டும் என்பதால் வந்த பழக்கம் அது. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டின் புது வாடகைச் சட்டப்படி எத்தனை மாதமானாலும் எழுத்தில் போட்டுப் பதிவு செய்ய வேண்டும். பதினோரு மாதம் என்பதில் இப்போது லாபம் ஒன்றும் இல்லை, இருந்தாலும் எல்லோரும் பதினொன்றுதான் எழுதுகிறார்கள். அதே சட்டம், வேறுவிதமாகப் பேசிக்கொள்ளாவிட்டால் அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது என்கிறது. காலி செய்த ஒரு மாதத்துக்குள் திருப்பித் தர வேண்டும் என்றும் சொல்கிறது. சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் கேட்டுப் பழகியவர்கள் அந்த "வேறுவிதமாக" என்ற இடத்தில்தான் நுழைகிறார்கள். நம் ஓனர் பத்தில் ஆரம்பித்து ஐந்தில் நின்றார். அதற்குக் கீழே இறங்கவில்லை.

தங்கையின் வீட்டுக்காரர் ஒன்றை மட்டும் கட்டாயம் செய்ய வேண்டும். போஸ்டிங் ஆர்டர் நகலைக் காட்டினால் ஒரு மாத நோட்டீஸ் போதும், அட்வான்ஸில் பிடித்தம் கிடையாது என்று ஒப்பந்தத்தில் தனி வரியாக எழுதி வாங்க வேண்டும். "அதெல்லாம் எழுதணுமா சார், நாங்க புரிஞ்சுக்க மாட்டோமா" என்பார்கள். புரிந்துகொள்வார்கள். ஆனாலும் எழுதி வாங்கட்டும். இரண்டு மாத நோட்டீஸ் என்று எல்லா ஒப்பந்தத்திலும் அச்சடித்த மாதிரி இருக்கும். போஸ்டிங் சிக்னல் வந்தால் நமக்கு இரண்டு மாதம் யார் தருவார்கள்?

ஓனரம்மாவைப் பற்றிக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. நாங்கள் வந்து சேர வேண்டிய தேதி ஆடியில் விழுந்தது. மூவ்மென்ட் ஆர்டருக்கு ஆடியும் கிடையாது, மார்கழியும் கிடையாது. அந்த அம்மாதான் பஞ்சாங்கம் பார்த்து, "ஆனி முடியறதுக்குள்ள ஒரு நல்ல நாள்ல என் நாத்தனாரை வரச் சொல்லுங்க, பாலைக் காய்ச்சிட்டுப் போகட்டும், ஆடியில சாமான் வந்து இறங்கினா தப்பில்லை" என்று வழி சொன்னார். அவருடைய நாத்தனார் இல்லை, என்னுடைய நாத்தனார். மாடம்பாக்கத்தில் இருக்கிறாள். அவளை என் நாத்தனார் என்று முதல் நாளிலிருந்தே சொந்தம் கொண்டாடினார். ஆடி முழுக்க வாடகையும் கேட்கவில்லை.

இனி மோட்டார்.

வீட்டில் ஒரே போர்வெல், ஒரே நீர்மூழ்கி மோட்டார், மொட்டை மாடியில் மூன்று குடித்தனத்துக்கும் பொதுவாக ஒரே டேங்க். மோட்டாரின் சுவிட்ச் ஓனர் வீட்டுச் சமையலறையில், ஃப்ரிட்ஜுக்குப் பக்கத்தில். காலை ஏழு மணிக்கு ஒரு தடவை போடுவார், சாயந்திரம் ஐந்து மணிக்கு ஒரு தடவை. வேறு நேரம் கிடையாது. என் வீட்டுக்காரருக்கு விடிவதற்கு முன்னால் கிளம்ப வேண்டிய டியூட்டி. மேல்மாடிக்காரர் ஐ.டி. வேலை, ராத்திரி வந்துதான் வாஷிங் மெஷின் போடுவார். அவர் துணி அலசி முடித்த பிறகு டேங்கில் என்ன மிஞ்சுமோ அதுதான் எங்கள் விடியற்காலை. பெரும்பாலும் ஒன்றும் மிஞ்சாது. நாலு மணிக்குக் குழாயைத் திறந்தால் காற்று வரும். கீழே ஓனர் தூங்கிக்கொண்டிருப்பார், அவர் சமையலறையில் சுவிட்ச்சும் தூங்கிக்கொண்டிருக்கும்.

பாலைவனத்து ஜோத்பூரில்கூட ராணுவப் பொறியியல் பிரிவான எம்.இ.எஸ். விடும் தண்ணீர் சொன்ன நேரத்துக்கு வரும். இங்கே ஏரிக்கும் ஏரிக்கும் நடுவில் குடியிருந்துகொண்டு ராத்திரியே வாளி, டிரம், குக்கர் வரைக்கும் பிடித்து வைத்தோம்.

போன் செய்து கேட்டால் போட மாட்டேன் என்று ஒருநாளும் சொன்னதில்லை. அதுதான் இன்னும் எரிச்சல். "இப்பதானேம்மா போட்டேன், அதுக்குள்ள எப்படித் தீர்ந்தது? ஏதாவது குழாய் ஒழுகுதா பாருங்க, ஃப்ளஷ் டேங்க் நிக்குதா பாருங்க" என்று ஒரு விசாரணை நடக்கும். அப்புறம் போடுவார். பிள்ளை பெற்று வளர்த்து, பாதி இந்தியாவில் குடித்தனம் நடத்திவிட்டு, தலைக்குக் குளிக்க ஒருவரிடம் காரணம் சொல்லிக்கொண்டு நிற்பது எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். என் வீட்டுக்காரர், "ஓனரும் ஒரு கமாண்டிங் ஆபீசர்தான்னு நினைச்சுக்கோ" என்பார். அவருக்குப் பழக்கம். நான் எங்கேயும் சத்தியப்பிரமாணம் எடுக்கவில்லை.

ஓனர் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். சித்திரை வைகாசியில் அந்தப் போரில் ஊற்று குறைந்துவிடும். நீர்மூழ்கி மோட்டாருக்குச் சுற்றியுள்ள தண்ணீர்தான் குளிர்ச்சி. தண்ணீர் இல்லாமல் ஓடினால் சூடேறி, உள்ளே இருக்கும் கம்பிச் சுருள் (காயில்) எரிந்துவிடும். அப்புறம் ஆள் கூப்பிட்டு, பைப்பை ஒவ்வொன்றாகக் கழற்றி மேலே எடுத்து, காயில் கட்டி, மறுபடி இறக்க வேண்டும். அதனால்தான் யார் கையிலும் சுவிட்ச்சைக் கொடுக்க மாட்டேன் என்கிறார். புரிகிறது. ஆனால் இதற்கென்றே ஆட்டோமேட்டிக் கன்ட்ரோலர் விற்கிறார்களே! டேங்கில் சென்சார், மட்டம் குறைந்தால் தானே ஓடும், நிரம்பினால் தானே நிற்கும், போரில் தண்ணீர் வற்றினால் மோட்டாரை அணைத்துவிடும். செலவை நாங்களே தருகிறோம் என்றோம். "மெஷினை நம்ப முடியாதும்மா, நான் பார்த்துப் போடறதுதான் சேஃப்டி" என்றார்.

அந்தக் கோடையில் ஒரு மத்தியானம் அவரே பார்த்துப் போட்டார். போட்டுவிட்டுத் தூங்கிவிட்டார். மோட்டார் எரிந்துவிட்டது.

சரிசெய்த செலவு மூன்றாகப் பிரிந்தது. பொது மோட்டார் ரிப்பேர் மூவருக்கும் சமம் என்று ஒப்பந்தத்தில் இருக்கிறது, சட்டப்படி பேச ஒன்றும் இல்லை. சட்டத்தையும் புரட்டிப் பார்த்தேன். தண்ணீர், மின்சாரம் போன்ற அத்தியாவசிய வசதிகளை வீட்டுச் சொந்தக்காரர் நிறுத்தக் கூடாது என்று தெளிவாகவே எழுதியிருக்கிறது. அவர் எங்கே நிறுத்தினார்? தூங்கத்தானே செய்தார். புது காயில் கட்டி இறக்கிய பிறகாவது கன்ட்ரோலர் போடுவார் என்று பார்த்தால், சுவிட்ச்சுக்கு மேலே "மறக்காமல் அணைக்கவும்" என்று ஒரு சீட்டு ஒட்டினார்.

இதே மனிதர்தான் மிக்ஜாம் சமயத்தில் வேறு ஆளாக இருந்தார். அந்த வீட்டுப் பின்கட்டில் ஒரு பழைய உறைகிணறு இருக்கிறது. போர் போட்ட பிறகும் அதை மூடாமல் வைத்திருந்தார். கரண்ட் போய் மோட்டாரும் இல்லை, லாரியும் வர வழியில்லை. அக்கம்பக்கத்து அடுக்குமாடிகளில் மழை கொட்டிக்கொண்டிருக்கும்போதே கழிவறைக்குத் தண்ணீர் இல்லாமல் தவித்தார்கள். எங்கள் கிணற்றில் கை நீட்டினால் தொடும் உயரத்துக்குத் தண்ணீர். சகடை, கயிறு, வாளி எல்லாவற்றையும் அவர் எப்போதும் தயாராக வைத்திருந்தார் போலிருக்கிறது. வயதான மனிதர், லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு அவரே இறைத்து மாடிப்படி வரைக்கும் கொண்டுவந்து வைத்தார். தெருவில் கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தார். எப்படித் தீர்ந்தது என்று அன்றைக்கு யாரையும் கேட்கவில்லை. கரண்ட் வந்தது, மறுநாள் ஏழு மணி, ஐந்து மணி திரும்பவும் வந்தது.

காலி செய்தபோதும் குறை வைக்கவில்லை. பெயின்ட் அடிக்கிறேன் என்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்வது இந்த ஊர் வழக்கம். சட்டத்தின் அட்டவணையில் வெள்ளையடிப்பது வீட்டுச் சொந்தக்காரர் பொறுப்பு என்றுதான் இருக்கிறது, அதை யார் படிக்கிறார்கள்? இவர் ஒரு ரூபாய் பிடிக்கவில்லை. சாமான் லாரி தெருமுனை திரும்புவதற்குள் அட்வான்ஸ் முழுதும் வங்கிக் கணக்குக்கு வந்துவிட்டது. "மிலிட்டரிக்காரங்க கிட்ட கணக்கு வச்சுக்க மாட்டேன்" என்றார். ஒவ்வொரு குடித்தனத்துக்கும் தனி ஈ.பி. மீட்டர், அதனால் முதல் நூறு யூனிட் இலவசமும் நமக்கே வரும். யூனிட்டுக்கு இவ்வளவு என்று தன் இஷ்டத்துக்கு வசூலிக்கும் ஓனர்கள் நிறைந்த ஊரில் இது சின்ன விஷயமில்லை.

ஆக, வெள்ளம் வராத வீடு, பணத்தில் நேர்மை, ஸ்டேஷனுக்குப் பக்கம், நல்ல மனசுள்ள குடும்பம். புறநகரில் இத்தனையும் ஒன்றாகக் கிடைப்பது அபூர்வம்.

தங்கை, வேண்டாம். எடுக்காதே. உன் வீட்டுக்காரருக்கும் விடியற்காலை டியூட்டிதான், உனக்கு இரண்டு பிள்ளைகள், பெரியவளுக்கு இடுப்பு வரைக்கும் முடி. குறைத்த ஆயிரம் ரூபாயைப் பார்த்து மயங்காதே. நாங்கள் போன பிறகு வந்தவர்கள் ஒரு கோடைகூடத் தாங்கவில்லையாம்.

அவசரத்துக்கு வேறு எதுவும் அமையவில்லை என்றால் ஒரே ஒரு நிபந்தனை வைத்துப் பார். பழைய வாடகையே தருகிறோம், சுவிட்ச்சை மட்டும் மாடிப்படிக்குக் கீழே மாற்றுங்கள் என்று கேள். உனக்காக நேற்று நானே போன் செய்து கேட்டேன். எங்கள் எல்லோரையும் நலம் விசாரித்தார், சின்னவன் எந்த வகுப்பு என்பதைக்கூட ஞாபகம் வைத்திருக்கிறார். சுவிட்ச் பேச்சை எடுத்ததும், "அது உள்ளேயே இருக்கட்டும்மா" என்றார்.

ராஜகீழ்ப்பாக்கம் பக்கம் பார். போனவுடன் மோட்டார் சுவிட்ச் எங்கே இருக்கிறது என்று கேள், பெட்ரூமை அப்புறம் பார்க்கலாம்.