சம்பந்தியம்மாவோடு பேச ஒரு பொஸ்னிய வகுப்பு: பினாங்கிலிருந்து ஒரு மதிப்புரை

வீட்டுக்குள் புழங்கும் அளவுக்குப் பொஸ்னிய மொழி வேண்டும் என்பவர்களுக்கு, நான் படித்துவரும் இந்த இணையவழி வகுப்பைத் தயங்காமல் சொல்வேன். தேர்வு எழுதவோ பொஸ்னியாவுக்குப் போய் வேலை பார்க்கவோ மொழி வேண்டுமென்றால் இது சரிப்படாது. ஆசிரியை பொஸ்னியத் தலைநகர் சரயேவோவில் இருக்கிறார். தன் வீட்டிலிருந்தே தனியாளாக நடத்துகிறார். பெயரைப் பொதுவில் போடவேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் இங்கே எழுதவில்லை. வேண்டுபவர்கள் எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள், அவரிடம் கேட்டுவிட்டு எண் தருகிறேன்.

எனக்கு இது தேவைப்பட்ட காரணத்தைச் சொன்னால்தான் என் கணிப்பு புரியும். 1992 முதல் 1995 வரை பொஸ்னியாவில் நடந்த போரின்போது மலேசியா பொஸ்னிய அகதிகளையும் மாணவர்களையும் ஏற்றுக்கொண்டது. அப்போது தொடங்கிய படிப்புத் தொடர்பு இன்னும் அறுந்துபோகவில்லை. என் தம்பி கோம்பாக்கில் அனைத்துலக இஸ்லாமியப் பல்கலைக்கழகத்தில் படித்தபோது உடன் படித்த பொஸ்னியப் பெண்ணைத்தான் நிக்காஹ் செய்தான். அவள் எங்களோடு ஆங்கிலமும் மலாயும் சரளமாகப் பேசுவாள். பிரசவத்துக்கு அவளுடைய உம்மா பொஸ்னியாவின் ஸெனித்சா நகரிலிருந்து வந்து, பினாங்கு ஜெலுத்தோங்கில் எங்கள் வீட்டில் தங்குவதாக முடிவானது. அவருக்குத் தெரிந்தது பொஸ்னிய மொழி ஒன்றுதான். எங்கள் உம்மாவுக்குத் தமிழும் பசார் மலாயும், அதாவது சந்தையில் புழங்கும் எளிய மலாயும். இரண்டு சம்பந்திகளும் ஒரே அடுப்படியில் நிற்கப்போகிறார்கள். பிள்ளை பெற்ற களைப்பில் படுத்திருக்கும் பெண்ணை ஒவ்வொரு சொல்லுக்கும் எழுப்பி "இது என்ன, அது என்ன" என்று கேட்க எனக்கு மனம் வரவில்லை.

முதலில் இணையக் கடை ஒன்றில் படச்சீட்டுக் கட்டு வாங்கிப் பார்த்தேன். விமான நிலையம், விடுதி அறை, அருங்காட்சியகச் சீட்டு என்று பயணிக்கான சொற்களாகவே இருந்தன. குழந்தையின் பேம்பர்ஸுக்குச் சொல் இல்லை, தொட்டிலுக்கு இல்லை, "போதும்" என்பதற்குக்கூட இல்லை. உறவுமுறைக்கு மொத்தம் ஒரே சீட்டு. அதில் அத்தாவின் தம்பிக்கும் உம்மாவின் தம்பிக்கும் ஒரே சொல் போட்டிருந்தார்கள். அது தவறு என்பது இந்த வகுப்புக்கு வந்த பிறகுதான் தெரிந்தது.

ஆசிரியையின் முறை எளிமையானது. கைப்பேசியைக் கையில் பிடித்துக்கொண்டு உங்கள் வீட்டைச் சுற்றி நடக்கச் சொல்வார். கண்ணில் பட்டதற்கெல்லாம் பெயர். வீடு கூச்சா, அடுப்படி கூஹின்யா, குளியலறை கூபாத்திலோ. அலமாரியைத் திறந்தால் ஓர்மார், கரண்டியை எடுத்தால் காஷிகா, சட்டியைத் தூக்கினால் தாவா. சவர்க்காரத்துக்கு ஸாபூன், அதாவது மலாயில் நாம் சொல்லும் சாபுன் கொஞ்சம் மாறி. இடியாப்ப உரலைக் காட்டினேன். "எங்கள் ஊரில் இது இல்லை, உங்கள் சொல்லையே சொல்லிக்கொடுங்கள்" என்று கேட்டு அதை மூன்று முறை சொல்லிப் பழகினார். தான் கற்பிக்க வந்த இடத்தில் இப்படிக் கற்றுக்கொள்ளும் ஆசிரியர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

என் மனதில் நிற்பது உறவுமுறைப் பாடம். தமிழர்களுக்கு இது தாய்வீடு மாதிரி. அத்தாவின் சகோதரன் அமிஜா, உம்மாவின் சகோதரன் தாய்ஜா. நாம் சாச்சா, மாமா என்று பிரிப்பது போலவே. கணவனின் உம்மா ஸ்வெக்ர்வா, மனைவியின் உம்மா பூனித்சா. கணவனின் சகோதரி, அதாவது நாத்தனார், ஸாஓவா. தம்பி மனைவிக்கு நான் அதுதான். ஓரகத்திக்கு யெத்ர்வா என்று தனிச்சொல் உண்டு. சகலைக்கும் உண்டு, பஜானாக். பெண்ணைப் பெற்றவரும் பிள்ளையைப் பெற்றவரும் ஒருவரையொருவர் அழைத்துக்கொள்ள ஆணுக்கு ப்ரியாதெல், பெண்ணுக்கு ப்ரியா. ஆங்கிலத்தில் சம்பந்தி என்று சொல்ல முடியாமல் தவித்திருப்போம் இல்லையா, இங்கே அந்தத் தவிப்பே கிடையாது. எங்கள் உம்மா வகுப்பில் சேரவில்லை, பக்கத்தில் உட்கார்ந்து கேட்டவர்தான். ப்ரியா என்ற சொல்லை அன்றைக்கே பிடித்துக்கொண்டார்.

இதில் ஆசிரியை ஒரு எச்சரிக்கை தந்தார். அமிஜா, தாய்ஜா என்பவை முஸ்லிம் குடும்பங்களில் புழங்குபவை, துருக்கியிலிருந்து வந்தவை. குரோவாட்டிய, செர்பிய வீடுகளில் ஸ்த்ரீத்ஸ், ஊயாக் என்பார்கள். பாட்டிக்கு நேனா, நானா என்று ஊருக்கு ஊர் மாறும். சில வீடுகளில் பாட்டியையே மாய்கா என்று கூப்பிடுவார்கள், அம்மாவை மாமா என்பார்கள். ஆகவே புத்தகத்தை நம்பாமல் அந்த வீட்டில் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டு அதையே சொல்லுங்கள் என்றார். இந்த ஒரு அறிவுரைக்கே கட்டணம் தகும்.

இலக்கணம் வீட்டுக்குத் தேவையான அளவுதான் வரும். பொஸ்னிய மொழிக்கு ஏழு வேற்றுமை, அதில் விளி வேற்றுமையும் உண்டு. மகன் என்பதற்கு ஸீன், கூப்பிடும்போது ஸீனே. மகனே என்று நாம் விளிப்பது போல அதே ஏகாரம்! மாய்கா என்பது விளிக்கும்போது மாய்கோ ஆகும். இந்த ஸீனே என்பதை மகளைக் கொஞ்சும்போதும் சொல்கிறார்கள். பெண் குழந்தையை "என்னடா கண்ணு" என்று அழைத்தே வளர்ந்த எனக்கு அதற்கு விளக்கம் தேவைப்படவில்லை.

கடினமாக இருந்தது பால்தான். நமக்கு மேசையும் நாற்காலியும் அஃறிணை, கதை முடிந்தது. அங்கே மேசை ஆண், நாற்காலி பெண். என் மேசை என்றால் மோய் ஸ்தோ, என் நாற்காலி என்றால் மோயா ஸ்தோலித்சா, என் பிள்ளை என்றால் மோயே தியேதே. பேபா என்ற சொல் பெண்பால் என்பதால், ஆண் குழந்தையாக இருந்தாலும் பசித்த பாப்பா க்ளாத்னாதான். மலாய் வாசித்துப் பழகியவர்களுக்கு இன்னொரு இடறல் உண்டு. ரூமியில், அதாவது மலாய் எழுதும் ரோமன் எழுத்தில், ஜே என்பதை நாம் ஜ என்று வாசிப்போம், அவர்களுக்கு அது ய. மேலே கொக்கி இல்லாத சி அவர்களுக்கு த்ஸ. மற்றபடி ஓர் எழுத்துக்கு ஓர் ஒலி என்ற நேர்மையான எழுத்துமுறை. தமிழ் எழுத்தில் குறிப்பு எடுத்தால் ப, த இரண்டிலும் வன்மையும் மென்மையும் கலந்துவிடும் என்பதால், சொற்களை அவர்கள் எழுத்திலேயே எழுதிவைக்கச் சொன்னார்.

அடுப்படிச் சொற்களில் சில நமக்கு ஒட்டிக்கொள்ளும். சர்க்கரை ஷெச்சேர், வடமொழியிலிருந்து பாரசீகம், துருக்கி வழியாகப் போய்ச் சேர்ந்தது. கோப்பி ஊற்றும் கைப்பிடியில்லாத சின்னக் கிண்ணம் ஃபில்ஜான். நம் பீங்கானும் அதுவும் ஒரே பாரசீக வேரிலிருந்து பிரிந்தவை. கோப்பி காய்ச்சும் நீளப்பிடிப் பாத்திரம் ஜெஸ்வா. மெல்லிய மாவுத்தாளில் பொதிந்து சுடும் பலகாரங்களில் புரேக் என்றால் இறைச்சி வைத்தது மட்டும்தான். பாலாடைக்கட்டி வைத்தால் ஸீர்னித்சா, கீரை வைத்தால் ஸெல்யானித்சா, உருளைக்கிழங்கு வைத்தால் க்ரொம்பிரூஷா. எல்லாவற்றுக்கும் பொதுப்பெயர் பீதா. சம்பந்தியம்மா முன்னால் கீரை வைத்ததைப் புரேக் என்று சொன்னால் கட்டாயம் திருத்துவார். சூடு வேறு, காரம் வேறு என்று நாம் பிரிப்பதுபோல வ்ரூச்சே சூட்டுக்கு, ல்யூத்தோ காரத்துக்கு. நாசி கண்டார் (பினாங்குத் தமிழ் முஸ்லிம் கடைச் சோறு) குழம்பை அவர் தட்டில் ஊற்றும் முன் இந்த இரண்டாவது சொல் தெரிந்திருப்பது நல்லது.

சம்பந்தியம்மா வந்து இறங்கிய பிறகு எந்தப் பாடம் எவ்வளவு உதவியது என்று சொல்கிறேன். மிகுதியாக உதவியது ப்ரோமாஹா. ஜன்னலுக்கும் கதவுக்கும் இடையே ஓடும் காற்று உடம்புக்கு ஆகாது என்பது அவர்கள் ஊர் நம்பிக்கை, தாய்க்கும் பிள்ளைக்கும் அறவே ஆகாது. பினாங்கு வெக்கையில் விசிறி இல்லாமல் எப்படி இருப்பது? ஆசிரியை இதை முன்பே சொல்லி, ஜன்னலைச் சாத்துங்கள், விசிறியை நிறுத்துங்கள் என்ற வாக்கியங்களைப் பழக்கியிருந்தார். அதனால் சம்பந்தியம்மா "ப்ரோமாஹா!" என்று பதறி எழுந்தபோது கோபம் இல்லை, அக்கறை என்று உடனே விளங்கியது. உம்மாவுக்கோ அது புதிதே இல்லை. இங்கே மலாய்க்காரர்களும் பந்தாங்கில், அதாவது பிரசவத்துக்குப் பிந்தைய பத்திய காலத்தில், காற்றுக்குப் பயப்படுவார்கள். இரண்டு பேரும் ஒரே கட்சியாகிவிட்டார்கள். விசிறி கூடத்தில் மட்டும் ஓடியது.

அடுத்தது பாபுச்சே, வீட்டுக்குள் போடும் செருப்பு. அவர்களும் வாசலில் சப்பாத்தைக் கழற்றுவார்கள், ஆனால் உள்ளே வெறுங்காலில் நடக்கமாட்டார்கள். தரையில் வெறுங்காலோடு நிற்கும் என்னைப் பார்த்து அவர் சொன்னது முழுதும் எனக்குப் புரிந்தது. கொம்டார் கடைத்தொகுதியில் ஒரு ஜோடி வாங்கிப் போட்டுக்கொண்டேன். பிறகு தோஸ்தா, போதும் என்று பொருள். இதைச் சொன்னாலும் யோஷ் மாலோ, இன்னும் கொஞ்சம் என்று தட்டில் விழுந்துகொண்டேதான் இருக்கும். உபசரிப்பில் எங்கள் உம்மாவுக்கு ஈடான ஓர் ஆளை நான் முதன்முறையாகப் பார்த்தேன். விருந்தாளியை அழைக்கும்போது புய்ரும் என்பார். பிள்ளை பார்க்க வருவதற்கு அங்கே பாபினே என்று பெயர். எங்கள் தாமான் (குடியிருப்பு) பெண்கள் பரிசோடு வந்தபோது அந்தச் சொல்லைச் சொன்னேன், அவர் முகம் மலர்ந்து வந்தவர்களுக்கெல்லாம் ஜெஸ்வாவில் கோப்பி காய்ச்சினார்.

மரியாதைப் பன்மையையும் ஆசிரியை விடாமல் பழக்கினார். நீ என்பதற்கு தீ, நீங்கள் என்பதற்கு வீ. சம்பந்தியம்மாவிடம் எப்போதும் வீ. நமக்குச் சொல்லித்தரவேண்டியதே இல்லாத விஷயம், ஆனால் வினைச்சொல்லின் கடைசியும் மாறவேண்டும் என்பதால் பயிற்சி தேவைப்பட்டது.

குறைகளும் உண்டு. எழுத்துக் குறிப்பு எதுவும் தரமாட்டார், ஒலிப்பதிவும் செய்யமாட்டார், நாமே எழுதிக்கொள்ளவேண்டும். வேகமாக எழுதாதவர்களுக்கு இது பெரிய இடைஞ்சல், இதை அவர் மாற்றவேண்டும் என்று அவரிடமே சொல்லியிருக்கிறேன். இறந்தகாலத்தை மிகவும் தள்ளிப்போடுகிறார். "பிள்ளை தூங்குகிறது" என்று சொல்லத் தெரிந்தும் "இப்போதுதான் பால் குடித்தது" என்று சொல்ல முடியாமல் இருந்தது எனக்குப் பெரும் கஷ்டமாக இருந்தது. குழந்தை இருக்கும் வீட்டில் அது முதல் மாதமே வேண்டும். கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

கட்டணம் 50 நிமிடத்துக்கு 60 ரிங்கிட், வெளிநாட்டுப் பணமாற்றக் கட்டணம் தனி. சரயேவோ நம்மைவிட குளிர்காலத்தில் 7 மணி நேரமும் கோடையில் 6 மணி நேரமும் பின்தங்கி இருக்கும். மார்ச், அக்டோபர் மாதங்களின் கடைசி ஞாயிற்றுக்கிழமை அங்கே கடிகாரத்தை மாற்றுவார்கள், அந்த வாரம் நேரத்தை மறுபடி உறுதிசெய்யுங்கள். இஷா தொழுகை முடிந்து 9 மணிக்கு நான் உட்கார்ந்தால் அவருக்குப் பிற்பகல்.

சேரப்போகிறவர்கள் முதல் வகுப்புக்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் வீட்டில் யார் யார், சம்பந்தி வீட்டில் யார் யார், அவர்கள் எந்த ஊர், பாட்டியையும் சித்தப்பாவையும் எப்படி அழைக்கிறார்கள் என்று எழுதி ஆசிரியைக்கு அனுப்பிவிடுங்கள். அந்தத் தாளை வைத்துத்தான் பாடம் அமைப்பார்; அனுப்பாவிட்டால் முதல் நேரம் முழுவதும் அதை விசாரிப்பதிலேயே போய்விடும்.