இலவச சுகர் மாத்திரை என்று வேன் அனுப்பிக் கூப்பிடுகிறார்களா? ஏறும் முன் இதைப் படியுங்கள்

முக்கூடல், பாப்பாக்குடி, சேரன்மகாதேவி பக்கம் சொந்தக்காரர்கள் உள்ளவர்கள் தயவுசெய்து கடைசிவரை படியுங்கள். சர்க்கரை உள்ள பெரியவர்கள் யாராவது, திருநெல்வேலியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் தந்தது என்று வெள்ளை பிளாஸ்டிக் பாட்டிலில் மாத்திரை வைத்திருக்கிறார்களா என்று இன்றைக்கே பாருங்கள். மருந்துக் கடையில் தரும் அட்டை மாத்திரை இல்லை, பாட்டில்.

எங்கள் அத்தை பீடி சுற்றுகிறவர். பல வருஷமாகச் சர்க்கரை. மெட்ஃபார்மின், கிளிமிபிரைடு என்ற இரண்டு சர்க்கரை மாத்திரைகளும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்துவிடும். கார்த்திகையில் ஊர்க் கல்யாண மண்டபத்தில் இலவச சுகர் முகாம் போட்டார்கள். ரத்தம் எடுத்து மூன்று மாசச் சர்க்கரைச் சராசரி (HbA1c) பார்த்தார்கள், எட்டுக்கு மேல் இருந்தது. அப்புறம் போன் வந்தது, வேனும் வந்தது. அத்தையோடு இன்னும் சில பெண்களும் போனார்கள். "புது மாத்திரைம்மா. வெளிய வாங்குனா ரொம்ப வெலை, உங்களுக்கு ஆறு மாசத்துக்கு ஃப்ரீ. பழைய மாத்திரைய நிறுத்திருங்க" என்றார்களாம். ஒரு கட்டு ஆங்கிலத் தாள்களில் கையெழுத்து வாங்கினார்கள். அத்தை தமிழ் நன்றாக வாசிப்பார். தமிழில் ஒரு வரி கூட அவர் கண்ணில் காட்டப்படவில்லை. 'ஆராய்ச்சி' என்றோ 'சோதனை' என்றோ யாரும் சொல்லவில்லை. வைத்தியம் பார்க்கிறார்கள் என்றுதான் நம்பினார். "பெரிய டாக்டர் சொல்லுதாவ, நாம என்னத்தக் கேக்க?" என்றார் பிறகு என்னிடம்.

தை பிறக்கும் முன்னே தாகம், ராத்திரியெல்லாம் எழுந்து போவது, உடம்பு இளைத்தது. செருப்புக் கடித்த புண் ஆறவில்லை. அவர்கள் கொடுத்த நம்பருக்கு மாமா போன் போட்டால், "புது மாத்திரை செட் ஆக நாளாகும், அடுத்த விசிட்டுக்கு வாங்க" என்று வைத்துவிட்டார்கள். அந்த மாசம் மாத்திரை கொண்டுவந்த மக்களைத் தேடி மருத்துவத் தங்கச்சிதான், "இது எனக்கு வேண்டாம்மா, வேற சாப்பிடுதேன்" என்று அத்தை சொன்னதும், எதைச் சாப்பிடுகிறீர்கள் என்று பாட்டிலை வாங்கிப் பார்த்தார். மருந்தின் பெயருக்குப் பதில் ஒரு குறியீட்டு எண். கீழே சின்ன எழுத்தில், மருத்துவச் சோதனைக்கு மட்டும் என்று ஆங்கிலத்தில். அங்கேயே விரலில் குத்திப் பார்த்ததில் சர்க்கரை 400-ஐத் தாண்டியிருந்தது. நேரே பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். இன்சுலின் போட்டு, புண்ணைச் சுத்தம் செய்து, காலைக் காப்பாற்றிக் கொடுத்தார்கள். அந்தத் தங்கச்சியும் ஹைகிரவுண்ட் டாக்டர்களும் இல்லையென்றால் இந்தப் பதிவை நான் வேறு மாதிரி எழுதியிருப்பேன்.

இனி எனக்கு மிகவும் ஆத்திரமான பகுதி. இந்தியாவில் நடக்கும் மருந்துச் சோதனைகளைப் பதிவு செய்ய இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்) நடத்தும் ஒரு பொதுப் பதிவேடு இருக்கிறது, சி.டி.ஆர்.ஐ என்பார்கள். 2009-இலிருந்தே, முதல் நோயாளியைச் சேர்க்கும் முன்பே பதிய வேண்டும் என்பது கட்டாயம். யார் வேண்டுமானாலும் காசில்லாமல் தேடலாம். தேடினேன். சோதனை உண்மையானதுதான், அந்த ஆஸ்பத்திரியின் பெயரும் அதில் இருக்கிறது. ஆனால் அதில் எழுதியிருப்பது என்ன தெரியுமா? ஒரு பகுதிப் பேருக்குப் புது மருந்து, இன்னொரு பகுதிப் பேருக்கு மருந்தே கலக்காத வெற்று மாத்திரை, இரண்டு பகுதியினருமே மெட்ஃபார்மினை விடாமல் சாப்பிட வேண்டும். யாருக்கு எது என்று டாக்டருக்கும் தெரியாது. அத்தையை மெட்ஃபார்மினையும் நிறுத்தச் சொல்லியிருக்கிறார்கள். அவருக்கு விழுந்தது வெற்று மாத்திரையாக இருந்திருந்தால், மாதக்கணக்கில் எந்த மருந்தும் இல்லாமல் இருந்திருக்கிறார்.

மருந்துச் சோதனையே கூடாது என்று நான் சொல்லவில்லை. இன்று நாம் விழுங்கும் ஒவ்வொரு சர்க்கரை மாத்திரையும் யாரோ நம்பி உடம்பைக் கொடுத்துத்தான் வந்திருக்கிறது. விற்பனைக்கு வந்த பிறகும் இதயத்துக்கு ஆபத்து என்று தெரிந்து ரோசிகிளிட்டசோன் என்ற சர்க்கரை மருந்தை 2010-இல் இந்தியாவில் தடை செய்தார்கள். அதற்காகவே கணக்கு நேர்மையாக இருக்க வேண்டும். அத்தை மெட்ஃபார்மின் சாப்பிடுவதாகத்தான் கம்பெனியின் கணக்கில் இருக்கும். நாளைக்கு அந்த மாத்திரையை விழுங்கப் போகிறவர்களுக்கும் சேர்த்துத்தான் இது துரோகம். சோதனை நடத்தும் இடங்களுக்கு ஆள் ஒன்றுக்கு இவ்வளவு என்று பணம் வரும். வேன் அனுப்பி ஆள் பிடிக்கிற அவசரம் அதனால்தான் என்பது என் எண்ணம்.

2019-ஆம் ஆண்டின் புது மருந்து, மருத்துவச் சோதனை விதிகள் தெளிவாக இருக்கின்றன. இது ஆராய்ச்சி என்று, புரிகிற மொழியில் சொல்லி, எழுதியும் தர வேண்டும். கையெழுத்திட்ட தாளின் நகல் நம் கையில் இருக்க வேண்டும். வாசிக்கத் தெரியாதவர் என்றால் சம்பந்தமில்லாத ஒரு சாட்சி முழு நேரமும் கூட இருக்க வேண்டும். எப்போது வேண்டுமானாலும் விலகலாம். ஆஸ்பத்திரியில் சேரும் அளவுக்குப் போனால் 24 மணி நேரத்துக்குள் டாக்டர் மேலே தெரிவிக்க வேண்டும், வைத்தியச் செலவு சோதனை நடத்தும் கம்பெனியுடையது. திட்டத்தை மீறியதால் வந்த பாதிப்புக்கும், வெற்று மாத்திரைச் சோதனையில் தர வேண்டிய வழக்கமான வைத்தியத்தைத் தராததால் வந்த பாதிப்புக்கும் நஷ்டஈடு உண்டு என்று விதியிலேயே இருக்கிறது.

இதையெல்லாம் எடுத்துக்கொண்டு மாமாவும் நானும் அந்தத் தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனோம். கோஆர்டினேட்டர் என்று ஒரு தம்பி வந்து, "அம்மா சோறு ஜாஸ்தி சாப்பிட்டிருப்பாங்க" என்றார். சம்மதத் தாளைக் காட்டச் சொன்னோம். சாட்சி இடத்தில் அத்தைக்கு முன்பின் தெரியாத ஒருவர் கையெழுத்து. நகல் கேட்டதற்கு, கம்பெனி அனுமதி வேண்டுமாம். டாக்டரைப் பார்க்கவே விடவில்லை. அந்தத் தாளில் இருந்த, சோதனைக்கு ஒப்புதல் தந்து கண்காணிக்கும் நெறிமுறைக் குழுவின் முகவரிக்கும், சென்னையில் உள்ள மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு மண்டல அலுவலகத்துக்கும் பதிவுத் தபாலில் புகார் அனுப்பியிருக்கிறோம். ஹைகிரவுண்ட் டிஸ்சார்ஜ் தாளின் நகலும் வைத்திருக்கிறோம். இன்னும் பதில் இல்லை.

அதே வேனில் போன மற்றப் பெண்களில் இரண்டு பேர் வீடுதான் எங்களுக்குத் தெரிந்தது, சொல்லிவிட்டோம். மற்றவர்கள் வீட்டுப் பிள்ளைகள் யாராவது இதைப் படித்தால்: பாட்டிலைத் தூக்கிப் போடாதீர்கள், அதுதான் ஆதாரம். நாளைக் காலை வெறும் வயிற்றோடு அம்மாவை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போய்ச் சர்க்கரை பாருங்கள். பழைய மாத்திரைச் சீட்டையும் அந்தப் பாட்டிலையும் சேர்த்து டாக்டர் மேசையில் வையுங்கள்.