பழைய டீசல் கார்: பிஎஸ்-4 எடுக்கலாமா, பிஎஸ்-6 எடுக்கலாமா?

பழைய டீசல் கார் தேடி அலைந்ததில் கடைசியில் இரண்டு வண்டிகள் மிஞ்சின. ஒன்று 2019 பிஎஸ்-4, மற்றது 2021 பிஎஸ்-6. (பிஎஸ் என்றால் பாரத் ஸ்டேஜ், வண்டிப் புகைக்கு அரசு வைத்த வரம்பு. எண் ஏற ஏற வரம்பு இறுகும்.) இரண்டும் சிங்கிள் ஓனர். புதியதற்கு ஒன்றரை லட்சம் கூடுதலாகக் கேட்டார்கள். கொடுத்து அதையே எடுத்தேன், அதனால் என் சாய்வு எந்தப் பக்கம் என்று சொல்லத் தேவையில்லை.

மைலேஜ், இழுவை, ஏசி பற்றியெல்லாம் பேச அதிகமில்லை. ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

ஒன்றரை லட்சம் எதற்கு என்று புரிய கொஞ்சம் பின்னால் போக வேண்டும். 2010-ல் சென்னை உள்ளிட்ட 13 நகரங்களுக்கு பிஎஸ்-4 வந்தது. நாடு முழுவதும் வர 2017 ஏப்ரல் ஆனது. அப்புறம் அரசு பிஎஸ்-5-ஐத் தாண்டிக் குதித்து, 2020 ஏப்ரல் 1 முதல் நேரே பிஎஸ்-6 என்று வைத்தது. டீசல் கார் கிலோமீட்டருக்கு 0.025 கிராம் வரை துகள் விடலாம் என்பது 0.0045 கிராம் ஆனது. நைட்ரஜன் ஆக்சைடு 0.25-லிருந்து 0.08 கிராமாக இறங்கியது. டீசலில் உள்ள கந்தகமும் 50 பிபிஎம்-லிருந்து (பத்து லட்சத்தில் 50 பங்கு) 10 ஆனது (பிஎஸ்-3-ல் அது 350). கந்தகம் அதிகமிருந்தால் புகையைச் சுத்தமாக்க புகைக்குழாயில் வைக்கும் வினையூக்கிகள் கெட்டுப்போகும். அதனால்தான் இன்ஜினை மட்டும் மாற்றிப் பயனில்லை, எண்ணெய் நிறுவனங்களும் சேர்ந்து மாற வேண்டியிருந்தது. இந்தச் சுத்தமான டீசல்தான் இன்று எல்லா பங்க்கிலும் வருகிறது. பிஎஸ்-4 காருக்கு அது இலவச லாபம்.

துகளை அந்த அளவுக்குக் குறைக்க பிஎஸ்-6 டீசல் கார்களில் டிபிஎஃப் என்ற வடிகட்டி வந்தது. பிஎஸ்-4 சின்ன டீசல்கள் பெரும்பாலானவற்றில் அது கிடையாது. என்னைக் கேட்டால் மொத்த முடிவும் இந்த ஒரு சாமானில்தான் இருக்கிறது.

புகையில் வரும் கரியை டிபிஎஃப் பிடித்து வைத்துக்கொள்ளும். நிறைந்ததும் எரித்துத் தீர்க்க வேண்டும். அதற்கு ஏறக்குறைய 600 டிகிரி சூடு தேவை. நெடுஞ்சாலையில் நிதானமான வேகத்தில் கொஞ்ச நேரம் விடாமல் ஓடினால், நமக்குத் தெரியாமலே அந்த வேலை முடிந்துவிடும். நான் அடிக்கடி மதுரையிலிருந்து திருநெல்வேலிக்கு நாற்கரச் சாலையில் போய்வருபவன். டிபிஎஃப் விளக்கு இதுவரை என்னைத் தொந்தரவு செய்ததில்லை.

பள்ளிக்கூடம், காய்கறிச் சந்தை, ஆபீஸ் என்று நாலைந்து கிலோமீட்டர் ஓட்டமே வாடிக்கை என்றால் கதை வேறு. எரிப்பு தொடங்கியதும் வண்டி கூடுதலாக டீசல் பீய்ச்சும். பாதியிலேயே சாவியைத் திருப்பி அணைத்தால் கரி அப்படியே கிடக்கும். கூடுதல் டீசலில் ஒரு பகுதி சிலிண்டர் சுவரில் இறங்கி இன்ஜின் ஆயிலில் கலக்கும். டிப்ஸ்டிக்கில் ஆயில் மட்டம் ஏறியிருந்தால் சந்தோஷப்படாதீர்கள், ஏறியது டீசல். இது தொடர்ந்தால் விளக்கு எரியும், இழுவை போகும், ஸ்கேனர் மாட்டிக் கட்டாயமாக எரிக்க வைக்க வேண்டும். வடிகட்டியையே மாற்றும் நிலை வந்தால் செலவு பெரிது. "கழற்றி எறிஞ்சிடலாம் சார்" என்று சொல்லும் கடைகளும் இருக்கின்றன. செய்யாதீர்கள். சட்டப்படி தவறு, அந்த ஒன்றரை லட்சத்துக்கும் அர்த்தமில்லாமல் போகும்.

ஆயிலிலும் கவனம் வேண்டும். கரி எரிந்துவிடும், ஆயிலிலிருந்து வரும் சாம்பல் எரியாமல் தங்கிவிடும். சாம்பல் குறைந்த ரக ஆயில்தான் ஊற்ற வேண்டும், அதற்கு விலை கூட. பிஎஸ்-4-க்கு இந்தக் கவலை குறைவு, தெருமுனை மெக்கானிக்கே பார்த்துவிடுவார். ஒன்றரை லட்சம் கிலோமீட்டர் தாண்டிய டிபிஎஃப் எப்படி நடந்துகொள்ளும் என்பதை என் வண்டியை வைத்துச் சொல்ல முடியாது, அது இன்னும் அங்கே வரவில்லை.

இதையெல்லாம் யோசித்தும் பிஎஸ்-6 எடுக்க என் நெடுஞ்சாலை ஓட்டத்தோடு இன்னொரு காரணமும் சேர்ந்தது. 2017 மார்ச் 29-ல் உச்ச நீதிமன்றம் பிஎஸ்-3 வண்டிகளின் விற்பனையை மூன்றே நாளில் முடித்து வைத்தது. 2018-ல், பிஎஸ்-4 வண்டிகளை 2020 மார்ச்சுக்கு மேல் விற்கக் கூடாது என்றது. இரண்டும் புது வண்டிகளுக்கானவை என்பது சரிதான். டெல்லியில் பத்து வருட டீசலுக்கு வந்த தடை தமிழ்நாட்டில் இல்லை. ஆனாலும் நாளைக்கு எங்காவது கோடு கிழித்தால் பிஎஸ்-4 டீசல் தடைப் பக்கம் நிற்கும் என்பது என் கணிப்பு. ஐந்தாறு வருடம் கழித்து விற்கும்போது அது விலையில் தெரியலாம், தெரியாமலும் போகலாம்.

பார்க்கப் போகிறவர்கள் விற்பவர் வாய்ச்சொல்லை நம்ப வேண்டாம். ஆர்சியில் எந்த பிஎஸ் என்று இருக்கும். கண்ணாடியில் ஒட்டிய ஆரஞ்சு ஸ்டிக்கரின் மேல் விளிம்பில் பச்சைப் பட்டை இருந்தால் பிஎஸ்-6 டீசல். ஊருக்குள் மட்டுமே ஓட்டப் போகிறவர்கள் இரண்டையும் விட்டுவிட்டு பெட்ரோல் வண்டி பாருங்கள்.