சில்லா மணிகள் மூன்று: வியூக விளையாட்டில் அதிசயமாக எதை வைப்பது?

சிவிலைசேஷன் 7 என்ற கணினி வியூக விளையாட்டில் கொரியாவின் எமிலே மணி ஏற்கெனவே ஓர் அதிசயம், அதாவது கட்டி முடித்தால் சிறப்புப் பலன் தரும் கட்டுமானம். கொரியாவுக்குச் சொந்தமாக மாட் (விளையாட்டில் ரசிகர்கள் செய்யும் மாற்றம்) செய்பவர்கள் எடுத்துப் பார்க்க, பண்டைய கொரிய அரசான சில்லாவின் மணிகள் இன்னும் இரண்டு இருக்கின்றன. மூன்றும் 8-ஆம் நூற்றாண்டில் வார்க்கப்பட்டவைதான். விளையாட்டுக்குள் மூன்றுக்கும் வேலை வேறு.

சாங்வொன்சா மணி 725-இல் வார்த்தது. இன்று எஞ்சியிருக்கும் கொரிய மணிகளில் இதுவே மூத்தது. உயரம் 1.67 மீட்டர்தான். 1469-இல் ஆந்தொங்கிலிருந்து ஒதே மலைக்குக் கொண்டுபோனார்கள். இதற்காக வரைபடத்தில் ஒரு கட்டத்தை அடைக்க வேண்டாம். நகரம் விட்டு நகரம் மாற்றக்கூடிய கலைப்பொருளாக வையுங்கள்.

ஹ்வாங்னியொங்சா மணி பெரிய ஆசை காட்டும். 754-இல் வார்த்த இதன் எடை 4,97,581 கன் (பழைய கொரிய எடை அளவு) என்கிறது ‘சம்குக் யுசா’ என்ற பழைய கொரிய நூல். எமிலே மணிக்கு அதே நூல் சொல்லும் செம்பு 1,20,000 கன். நான்கில் ஒரு பங்குதான். ஆனால் 1238-இல் மங்கோலியர் அந்த மணி இருந்த ஹ்வாங்னியொங்சா கோயிலை எரித்தார்கள், மணி இன்று இல்லை. மாடல் செய்தால் முழுக்க ஊகமாகவே இருக்கும். அதே கோயிலின் ஒன்பது அடுக்குக் கோபுரம் அதிசயத்துக்கு இதைவிடத் தகுதியானது. மணியை அதன் துணைப் பலனாகச் சேர்த்து, நகரம் பறிபோனால் அழியும்படி வைத்தால் வரலாற்றோடு ஒத்துப்போகும்.

ஆக, அதிசயம் என்றால் எமிலே மணி, அதாவது சொங்தொக் மன்னரின் மணிதான். 18.9 டன் எடை, 2.27 மீட்டர் வாய் விட்டம். இதுவும் இடம் மாறியதுதான், ஆனால் சில்லாவின் தலைநகராக இருந்த கியொங்ஜுவை விட்டு வெளியே போனதில்லை. தந்தை சொங்தொக்குக்காக மன்னர் கியொங்தொக் தொடங்கினார், முடிக்காமலே இறந்தார். மகன் ஹ்யேகொங் 771-இல் முடித்தார். அதனால் தங்கம் கொடுத்து உடனே வாங்கும் வழியை மூடுங்கள். பாதியில் நிறுத்தினாலும் சேர்ந்த உற்பத்தி வீணாகக் கூடாது. எல்லைக்குள் செம்பு வளம் இருக்க வேண்டும் என்பதையும் நிபந்தனையாக்குங்கள்.

பலனில்தான் பலர் சறுக்குகிறார்கள். எதிரி வருவதை எச்சரிக்கும் மணியாக நினைத்துப் பாதுகாப்புப் புள்ளி தருகிறார்கள். இது மறைந்த மன்னரின் நினைவுக்காக வார்த்த பௌத்த மணி. பண்பாடும் மகிழ்ச்சியும், மூன்று கட்டத் தொலைவுக்குள், அதுவே போதும். மணியை வார்க்கும்போது உருக்கிய உலோகத்தில் ஒரு குழந்தையை இட்டதாகச் சொல்லும் கதையை வைத்து மக்கள்தொகையைக் குறைப்பதும் தேவையில்லை. மணியில் பொறித்த வாசகத்திலும் சம்குக் யுசாவிலும் அந்தக் கதை இல்லை.

ஒலிக்கு நேரம் செலவிடுங்கள், இந்த மணியின் உயிரே அதில்தான் இருக்கிறது. 64 ஹெர்ட்ஸை ஒட்டி, மிக நெருங்கிய இரண்டு அதிர்வுகள் சேர்ந்து ஏறக்குறைய மூன்று வினாடிக்கு ஒருமுறை ஒலியை ஏற்றி இறக்குகின்றன. 168 ஹெர்ட்ஸில் அதே ஏற்றஇறக்கத்துக்கு ஒன்பது வினாடி பிடிக்கும். இரண்டு வினாடியில் வெட்டிய ஒலிக்கோப்பில் இது எதுவுமே கேட்காது. பத்து வினாடிக்குக் குறையக் கூடாது. சிறிய ஸ்பீக்கர்கள் 64-ஐ விழுங்கிவிடும், 168-ஐச் சற்றுத் தூக்கிவிடுங்கள்.

அனிமேஷனில் மணி ஆடக் கூடாது. உள்ளே நாக்கும் கிடையாது. தரைக்குச் சற்று மேலே தொங்கும் மணியை, தாமரை பொறித்த இடத்தில் கட்டை வெளியிலிருந்து இடிக்க வேண்டும். ஜப்பானிய மணியின் மாடலை எடுத்து நிறம் மாற்றினால் உடனே தெரிந்துவிடும்: அதன் கொக்கியில் இரண்டு டிராகன் தலைகள் இருக்கும். கொரிய மணியில் ஒரே டிராகன், அதன் முதுகை ஒட்டி உள்ளீடற்ற ஒரு குழாய்.