ஏற்காடு கதைப் பட்டறை: சேர்க்கலாம், ஆனால் புத்தகம் போடாதீர்கள் என்று சொல்லிவிடுங்கள்

எட்டாவது படிக்கும் மகளை மே மாதம் ஏற்காட்டில் நடந்த இரண்டு நாள் கதை எழுதும் பட்டறையில் சேர்த்தேன். நடத்தியவர்கள் பெயரை இங்கே போடவில்லை, கடைசிவரை படித்தால் காரணம் புரியும். இருபது கொண்டை ஊசி வளைவுகளில் பதினோராவதிலேயே அவளுக்கு வாந்தி, மேலே போய்ச் சேர்ந்தபோது "எனக்குக் கதையும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம்ப்பா" என்ற நிலையில்தான் இருந்தாள்.

பெற்றோர் பின்னால் உட்கார்ந்து பார்க்கலாம் என்றார்கள், உட்கார்ந்தேன். தலைப்புக் கொடுத்து எழுதச் சொல்வார்கள் என்று நினைத்திருந்தேன், முதல் அரை நாள் யாரையும் பேனாவைத் தொடவே விடவில்லை. புதுமைப்பித்தனின் 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' கதையின் முதல் பக்கங்களைச் சத்தமாகப் படித்துவிட்டு, கடவுள் வருவதற்கு முன்னால் இந்த மனுஷன் என்ன யோசித்துக்கொண்டு நிற்கிறார் என்று சொல்லிக்கொடுத்த சார் கேட்டார். டிராமுக்கு எவ்வளவு, வெற்றிலைக்கு எவ்வளவு என்கிற காலணாக் கணக்கு. அந்தச் சில்லறைக் கணக்கை நாம் நம்பிவிட்டதால்தான் அடுத்து வரும் கடவுளையும் நம்புகிறோம், இந்த வேலையை மட்டும் திருடிக்கொள்ளுங்கள், கடவுளையும் கந்தசாமிப் பிள்ளையையும் புதுமைப்பித்தனுக்கே விட்டுவிடுங்கள் என்றார். கல்லூரியில் இந்தக் கதையைப் பாடமாகப் படித்து மார்க்கும் வாங்கியவன் நான், எனக்கு இது தோன்றியதில்லை.

அப்புறம் எழுதச் சொன்னார். ஒரு பையன் இந்த மலைக்கோயில் சாமியான சேர்வராயனை ஏற்காடு பஸ்ஸில் ஏற்றிவிட்டான். சாமி ஏறுவதற்கு முன் கண்டக்டர் ஐந்து ரூபாய் சில்லறைக்காக ஒரு பாட்டியோடு ஒரு பக்கம் முழுக்கச் சண்டை போடுகிறார், சாமி ஏறியதும் அவரிடமும் முதலில் சில்லறைதான் கேட்கிறார். வகுப்பே சிரித்தது. இது காப்பியடிப்பதுதானே என்று என் பக்கத்தில் இருந்த அம்மா முணுமுணுத்தார். காப்பியடித்திருந்தால் அந்தப் பாட்டி எங்கிருந்து வந்தார்?

இரண்டாம் நாள் கி. ராஜநாராயணனின் 'கதவு'. தீர்வை (நிலவரி) பாக்கிக்காக வீட்டுக் கதவைக் கழற்றிக்கொண்டு போகிற கதை. அந்த வீட்டின் வறுமையைக் கதாசிரியர் எங்கே சொல்கிறார் என்று தேடச் சொன்னார்கள். பிள்ளைகள் தேடிப் பார்த்துவிட்டு, கதவைப் பற்றித்தான் சொல்லிக்கொண்டே இருக்கிறார் சார் என்றார்கள். குழந்தைகள் அதில் ஏறி பஸ் விளையாட்டு ஆடியதை முதலிலேயே காட்டிவிட்டதால், அது போகும்போது நமக்கு வலிக்கிறது. சரி, உங்கள் வீட்டில் ஒரு பொருளை எடுத்துக்கொள்ளுங்கள், முதலில் அதைச் சந்தோஷமாகப் புழங்க விடுங்கள் என்றார் சார்.

மகள் என் அப்பாவின் குழித்தறியை எடுத்தாள், தரையில் தோண்டிய குழிக்குள் காலை விட்டு மிதித்து நெய்கிற தறி அது. எங்களுக்குச் சேலத்தில் நெசவாளர்கள் இருக்கும் அம்மாப்பேட்டை, தறியை விற்றுக் குழியை மூடி சிமெண்ட் பூசி வருஷங்கள் ஆகின்றன. அவள் கதையில் பேத்தி தறிக்குழிக்குள் ஒளிந்து விளையாடுகிறாள், பிறகு குழி மூடப்படுகிறது. தாத்தா தினமும் காலையில் அதே இடத்தில் வந்து உட்கார்ந்து காலால் மட்டும் லேசாக மிதித்துக்கொண்டிருக்கிறார். பாட்டி காபியைக் கொண்டுவந்து, தறி ஓடிய காலத்தில் எந்தப் பக்கம் வைப்பாளோ அந்தப் பக்கமே வைத்துவிட்டுப் போகிறாள். அவ்வளவுதான் கதை. என் அப்பா காலை அப்படி ஆட்டுவதை நானும் தினமும் பார்க்கிறேன், ஏதோ வயசான பழக்கம் என்றுதான் இருந்தேன்.

சாப்பாடு சுமார், சாம்பார் தண்ணி. ஒரே கழிப்பறை, முப்பது பிள்ளைகள். பொம்பளைப் பிள்ளைகளை அனுப்புகிறவர்கள் இதை முன்னாலேயே கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டாம் நாள் மதியம் சிறப்பு விருந்தினர் பேச்சு, பொன்னாடை என்று ஒன்றரை மணி நேரம் போனது, அதில் இன்னொரு கதை படித்திருக்கலாம்.

இதெல்லாம் பெரிய குறையில்லை. இரண்டு மாதம் கழித்துப் பிள்ளைகளின் கதைகளைப் புத்தகமாகப் போட்டு அனுப்பினார்கள், அதற்குத் தனியாகப் பணமும் வாங்கியிருந்தார்கள். மகள் பக்கத்தைப் புரட்டினாள், முகம் மாறிவிட்டது. காபி வைத்த வரிக்குக் கீழே அவள் எழுதாத ஒரு வரி: 'ஆகவே நெசவாளர்களைப் போற்றுவோம்'. பஸ் கதையின் முடிவில் 'கோபத்தைத் தவிர்ப்போம்'. போன் செய்து கேட்டால், சொல்லிக்கொடுத்த சாருக்கு இது தெரியாது, புத்தக வேலையைப் பார்த்தவர் வேறு ஆள், "பள்ளிக்கூடங்கள் வாங்கணும்னா கருத்து வேணும்ல சார்" என்றார். இரண்டு நாளாக எதைச் சொல்லாமல் விடுவது என்று கற்றுக்கொடுத்ததை ஒரே வரியில் கவிழ்த்துவிட்டார்கள்.

அடுத்த மே மாதமும் சேர்ப்பேன், அந்த சார் இருந்தால் மட்டும். புத்தகத்துக்குப் பணம் கட்ட மாட்டேன். வீட்டில் இருக்கும் பிரதியில் அந்த வரியை மகள் நீல மையால் அடித்துவிட்டாள். தாத்தாவிடம் இன்னும் கொடுக்கவில்லை, அடித்த இடம் அசிங்கமாகத் தெரிகிறதாம், கையாலேயே வேறு தாளில் எழுதிக்கொண்டிருக்கிறாள்.