பழைய இரும்பு வேலியை அறுக்க கிரைண்டரா, ரெசிப்ரோகேட்டிங் சாவா?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் கடற்காற்றில் துருவேறிய பாலிசேட் வேலியில் (கூர்முனை இரும்புப் பட்டைகளைக் குறுக்குச் சட்டத்தில் போல்ட் போட்டு நிறுத்திய வேலி) நட்டு ஸ்பேனருக்கு அசையாது. அறுத்துத்தான் எடுக்க வேண்டும்.

வேகத்துக்கு 115 மி.மீ. ஆங்கிள் கிரைண்டர்தான். 1 மி.மீ. கட்டிங் டிஸ்க் போட்டால் போல்ட் தலை நொடிகளில் விழும். ஆனால் பாதி அறுத்ததும் குறுக்குச் சட்டம் தன் எடையில் தொய்ந்து வெட்டுவாயை மூடும். டிஸ்க் நெரிபட்டு உடையும், மெஷின் ஆளை நோக்கி எகிறும். முதலில் சட்டத்துக்கு அடியில் செங்கல் முட்டுக் கொடுங்கள். டிஸ்க்கை மறைக்கும் கார்டைக் கழற்றவே கூடாது, முகக்கவசம் கட்டாயம். இன்னொரு ஆபத்து தீப்பொறி. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை இங்கே புல் காய்ந்து கிடக்கும். தரையை நனைத்து, வேலை முடிந்தும் அரை மணி நேரம் கண்காணியுங்கள்.

ரெசிப்ரோகேட்டிங் சா என்பது பிளேடு முன்னும் பின்னும் ஓடி அறுக்கும் மின் ரம்பம். இதில் பொறி கிட்டத்தட்ட இல்லை. மரவேலி, காய்ந்த புல், பக்கத்து வீட்டுக் கார் அருகில் இருந்தால் நாங்கள் இதையே எடுப்போம். 150 மி.மீ. பைமெட்டல் (இரு உலோகம் இணைந்த) பிளேடு, அங்குலத்துக்கு 18 பல், குறைந்த வேகம். பிளேடு வெளிவரும் இடத்தில் உள்ள முன்பட்டையை இரும்போடு அழுத்திப் பிடிக்காவிட்டால் கம்பி அதிர்ந்து பிளேடு வளையும். மெல்லிய தகட்டைச் சாய்வாக அறுங்கள். நேராக அறுத்தால் பல் உதிரும்.

வெறும் கம்பிவலை என்றால் இரண்டும் வேண்டாம், போல்ட் கட்டர் போதும்.